ஒங்கப்பா எதையும் விக்கல

ஹந்தானை,
ஐப்பசி மாசம், 2003

என் தங்க மகள் இராஜகுமாரிக்கு அம்மா எழுதுறது. நான் இங்க ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லாம எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கேன், நீயும் அந்தத் தூர தேசத்துல நேரத்துக்குத் தின்னு, தூங்கி, காய்ச்சல் தலையிடி இல்லாம இருக்கணும்னு கதிர்காமத்தானைக் கும்பிட்டுட்டு இந்தக் கடுதாசியைத் தொடங்குறேன். எழுத்து கோணலா இருக்கும், அஞ்சாம் வகுப்போட நின்னவ எழுத்து, கூட்டி வாசிச்சுக்க. போன்ல சொல்லலாம்னு டவுனுக்கு மூணு தரம் எறங்கிப் போனேன் குமாரி, கொமினிகேசன் கடைப் பெட்டிக்குள்ள நின்னு பேசுறது வெளிய வரிசையில நிக்கிற எல்லாருக்கும் கேக்குது, அதோட ஒன் கொரலைக் கேட்டா எனக்கு நாக்கு பெரளாது, அதனால திரும்பி வந்துட்டேன். கடுதாசின்னா நீ என் மூஞ்சியைப் பாக்க மாட்டே, நானும் ஒன் மூஞ்சியைப் பாக்க மாட்டேன். சுத்தி வளைக்காம மொதல்லயே சொல்லிடுறேன். ஒங்கப்பா அவரோட மரம் அறுக்கிற மிசின் எல்லாத்தையும் வித்துட்டாருன்னு அன்னைக்குப் போன்ல சொன்னேனே, அது பொய். ஒங்கப்பா ஒரு நட்டைக்கூட விக்கல. நீ மிசினுக்குன்னு அனுப்பின ஸ்பார்க் பிளக்கும் அலுமாரியில அவரு சட்டைக்கு அடியில அந்தப் பெட்டியோட அப்படியே இருக்கு. பொய் சொன்னது நான். ஏன் சொன்னேன்னு சொல்றதுக்குத்தான் இம்புட்டும் எழுதுறேன், கோவத்துல கிழிச்சுப் போடாம கடைசி வரைக்கும் வாசி.

ஒங்கப்பாவோட மிசின் கிறுக்கு ஒனக்குத் தெரியாதது இல்ல. விக்டோரியா அணை கட்டுறப்ப, பழைய தெல்தெனிய டவுன் தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னால, அங்க மரம் வெட்டப் போன எடத்துல புடிச்ச கிறுக்கு அது. வேலை முடிஞ்சு ஆளுக உடைஞ்சு போன வாள் மிசினை எல்லாம் ஆத்தோரத்துல போட்டுட்டுப் போக, இவரு மட்டும் ஒண்ணைத் தோள்ல வச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்து எறங்கினாரு. நீ அப்ப கைக்கொழந்தை. அதுக்கப்புறம் கம்பளை பழைய இரும்புக் கடை, தோட்டத்து ஸ்டோர் மூலை, மூடின மில்லுன்னு எங்க பழைய செயின்சோ கெடந்தாலும் மோப்பம் புடிச்சுப் போயிடுவாரு. நம்ம லயத்து வரிசை வீட்டுக் காம்பராவுக்குள்ளயும் பின்பக்கம் எறக்கின தகரக் கொட்டிலுக்குள்ளயும் மிசின் தான் குடியிருந்துச்சு, நாம ஓரமா ஒண்டிக்கிட்டு இருந்தோம். ரெண்டு ஆள் புடிச்சு அறுக்கிற அந்தப் பெரிய மிசினைக் கட்டிலுக்கடியில வச்சுக்கிட்டு, ராத்திரி புரண்டு படுத்தா கால்ல இடிக்குதுன்னு நான் ஏசினது ஒனக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்துக் காம்பரா இரத்தினம்மா சொல்லுவாளே, வீரையாண்ணே பொண்டாட்டி காதுக்கு ஒரு தோடு வாங்க மாட்டாரு, மிசினுக்குப் பல்லு கட்டுவாருன்னு. அவரு அதுக்கும் சிரிப்பாரு, ஆமா தங்கச்சி, ஒங்க மதினிக்குத்தான் பல்லு எல்லாம் நல்லா இருக்கேன்னு.

அவரு வேலை செய்ற மொறையும் ஒனக்குத் தெரியும், இருந்தாலும் நான் செஞ்ச காரியம் ஒனக்கு வெளங்கணும்னா அதை எழுதித்தான் ஆகணும். ஒரு மிசினைப் பிரிச்சாருன்னா அதோட சாமான் எல்லாம் ஒரு பால்மா டின்னுக்குள்ள போகும், மேல வெளக்கெரிக்கிற லாம்பெண்ணெய் ஊத்தி ஊற வைப்பாரு, டின் கழுத்துல ஒரு துணி கட்டுவாரு, அதே துணியில இன்னொரு கிழிசலை வெறும் கூடா நிக்கிற மிசின் கைப்புடியில கட்டுவாரு. அந்தத் துணி எல்லாம் என் பழைய சீலையிலயும் ஒன் பழைய பாவாடையிலயும் நான் கிழிச்சுக் குடுத்தது தான். மஞ்ச சீலைத் துணின்னா மஞ்ச மிசின் இல்ல, அது மஹ்ரூப் நானாவோட மிசின், அவரைப் பத்திப் பொறகு சொல்றேன். பச்சைப் பூ போட்டது கம்பளையில எடுத்தது. ஒன் பாவாடைத் துணி கட்டினது அந்தச் சின்ன செவப்பு மிசின், நீ வந்ததும் ஒன் கையால கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணணும்னு வச்சிருந்தாரு. ஒரு மிசின் சாமானை இன்னொண்ணுக்குப் போட மாட்டாரு. போட்டா ஓடாதான்னு கேட்டா, ஓடும், ஆனா அது அந்த மிசின் இல்லன்னு சொல்லுவாரு. சாமான் கெடைக்கலைன்னா வருசக்கணக்கா டின் அப்படியே இருக்கும். அந்த டின்னை எல்லாம் நான் தெரியாமத்தான் ஒண்ணாக் கொட்டிட்டேன்னு சொன்னா அது இன்னொரு பொய் ஆயிரும் மகளே. எனக்கு எல்லாம் தெரியும்.

ஒங்கப்பா போய்ச் சேந்து, கருமாதிக்கு முந்தின நாள் வீடு கழுவினோம். நீ இல்லாத கொறை ஒரு பக்கம், அழுது அழுது என் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லாம இரைஞ்சுக்கிட்டு இருந்த நேரம். ஒங்க அத்தை சுப்பம்மா ஆளுகளைக் கூட்டிக்கிட்டு வந்து, தீட்டு வீட்டுல ஒரு பாத்திரத்துலயும் பழைய தண்ணி நிக்கக் கூடாது, எல்லாத்தையும் கவுத்துக் கழுவணும்னு நின்னாங்க. அது மொறை தான், நான் கொறை சொல்லல. கொடம், அண்டா, சட்டி எல்லாம் கழுவி முடிச்சு கொட்டிலுக்கு வந்தாங்க. சுவரு ஓரமா வரிசையா டின் நிக்குது, கறுப்பா எண்ணெய்த் தண்ணி. அத்தை மூக்கைப் பொத்திக்கிட்டு, ஏன் மதினி, நாளைக்கு எங்க சொந்தக்காரங்க எல்லாம் வந்து இந்த இரும்புக் குப்பைக்குள்ளயா உக்காந்து சோறு திங்கிறது, எங்கண்ணன் தான் இப்படி இருந்தாரு, நீங்களாவது வீடு மாதிரி வச்சிருக்கக் கூடாதான்னு கேட்டாங்க. கூட வந்த பொம்பளைகள் சிரிச்சாங்க. எனக்கு அப்பிடியே சுருங்கிப் போச்சு குமாரி. அவரு போய்ச் சேந்து ரெண்டு கெழமைதான் ஆயிருக்கு, நான் அவரு சாமானை நெனைச்சு வெக்கப்பட்டேன். டின்னைக் கவுக்காதீங்க, அது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மிசின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க விட்டிருப்பாங்க, அத்தை வாய்தான் நீளமே தவிர மனசு கெட்டவங்க இல்ல. நான் சொல்லல. நானே போய் மொதல் டின்னைத் தூக்கிப் பெரிய குளிக்கிற பேசினுக்குள்ள கொட்டினேன். என்னைப் பாத்து மத்தவங்களும் கொட்டினாங்க. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து சவுக்காரம் போட்டுத் தேச்சு, பைப்புத் தண்ணியில அலசி, வெயில்ல காய வச்சு, ரெண்டு உரப்பைக்குள்ள அள்ளிப் போட்டுட்டோம். துணி எல்லாம் அடுப்புல போச்சு. டின்னை நல்லா பளபளன்னு கழுவி, மறுநாள் அதுலதான் எல்லாருக்கும் தேத்தண்ணி சீனி எடுத்து வச்சேன். வந்தவங்க எல்லாம் வீடு சுத்தமா இருக்குன்னு சொன்னாங்க, எனக்கு அது சந்தோசமாக்கூட இருந்துச்சு. அதையும் மறைக்காம எழுதிட்டேன்.

கருமாதி முடிஞ்சு எல்லாரும் போன பொறகு பையைத் தொறந்து பாத்தேன். துரு. சவுக்காரத் தண்ணி பட்ட இரும்பு, எண்ணெய் பூசாம மூடி வச்சா என்ன ஆகும்னு அவரு கூட இம்புட்டு வருசம் வாழ்ந்த எனக்குத் தெரியாதா. காபரேட்டருக்குள்ள இருக்கிற மெல்லிசு சவ்வு எல்லாம் முறுகி அப்பளம் மாதிரி ஒடிஞ்சு கெடக்கு. எது எந்த மிசின் சாமான்னு கடவுளுக்குத்தான் தெரியும். பையை இறுக்கிக் கட்டி வெறகுக்குப் பின்னால தள்ளிட்டேன், மிசின் கூட்டை எல்லாம் படங்கு போட்டு மூடிட்டேன்.

அந்தக் கெழமையே அலவத்துகொடையில இருந்து மஹ்ரூப் நானா வந்துட்டாரு. அவரை நீ பாத்திருக்க மாட்டே, மரம் வாங்கி அறுத்து விக்கிற மரக்காலை வச்சிருக்கிறவரு, நீ வெளிநாடு போன பொறகுதான், ஒங்கப்பா வேலை செஞ்ச கட்டுகஸ்தோட்டை மர மில்லுக்கு வரப்போகப் பழக்கம், மேஸ்திரியைக் கூப்புடுற மாதிரி ஒங்கப்பாவை பாஸ்னு தான் கூப்புடுவாரு. அவரோட வாப்பா மொத மொதல்ல வாங்கி மரம் அறுத்த மிசின் ஒண்ணு, வாப்பா மௌத்தாப் போன பொறகு பல வருசமா கோழிக் கூட்டுக்குப் பக்கத்துல கெடந்ததைத் தூக்கிக்கிட்டு வந்து, பாஸ், எண்ட வாப்பாட மிசின் சத்தத்தை ஒருக்கா எனக்குக் கேக்கக் காட்டுங்கன்னு குடுத்திருந்தாரு. ஒங்கப்பா நோயில படுக்கிறதுக்கு முந்தி கடைசியா பிரிச்சது அதைத்தான். நானா வந்தவரு பாவம் நல்ல மாதிரியாத்தான் பேசினாரு. பழம் எல்லாம் வாங்கிக்கிட்டு வந்து, பாஸ் இல்லாம கட்டுகஸ்தோட்டை மில்லே வெறிச்சுன்னு ஈக்குதுன்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. பொறகு மெதுவா, அக்கா, வாப்பாட மிசின் பிரிச்சபடி ஈந்தாலும் பரவாயில்ல, நான் எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொன்னாரு. வெறகுக்குப் பின்னால கெடக்கு, நான் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டேன், வந்து பாருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒரு மனுசன் நம்பிக் குடுத்த சாமானை, அதுவும் வாப்பா ஞாபகமா வச்சிருந்ததை, சட்டி கழுவுற மாதிரி கழுவிட்டேன்னு எப்படிச் சொல்ல. அவரு வித்துட்டாரு நானா, நோயில கெடக்கும்போதே எல்லாத்தையும் யாருக்கோ குடுத்துட்டாரு, யாருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு வாயில வந்துருச்சு. வீரையா பாஸா, அப்படின்னு கேட்டாரு. நான் தலையை ஆட்டினேன். திரும்பவும், நம்மட வீரையா பாஸான்னு கேட்டாரு. ஊத்தி வச்ச தேத்தண்ணியைத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாரு.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை தான் நீ கொமினிகேசன் கடைக்குப் போன் எடுத்தே. அந்தச் செவப்பு மிசினை மட்டும் யாருக்கும் குடுக்காதீங்கம்மா, நான் லீவுல வந்து பாக்கணும்னு சொன்னே. ஒன்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு ஆளுகிட்ட ஒண்ணு, இன்னொரு ஆளுகிட்ட ஒண்ணு சொன்னா மாட்டிக்குவேனேன்னு பயந்து அதே பொய்யைத் திருப்பிச் சொன்னேன். அப்படின்னா, நான் இந்தத் தூர தேசத்து அம்மான் டவுன்ல கடை கடையா ஏறி வாங்கி அனுப்பின பிளக்கையும் சேத்தா வித்தாருன்னு கேட்டே. ஆமான்னு சொன்னேன். சரிம்மா, இனிமே அப்பா கதையை எங்கிட்ட எடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டே. அன்னையில இருந்து நீ எனக்குப் போன் எடுக்கல. அங்க ஒன்கூட இருக்கிற கூட்டாளி பிள்ளை சந்திரிகா மூலமா அவ வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, அவங்க வந்து நீ சொகமா இருக்கேன்னு சொன்னாங்க. பெத்த அப்பன் சாவுக்கு வர முடியாம அங்க கெடந்து அழுத பிள்ளை, அந்த அழுகையையும் நான் கோவமா மாத்தி விட்டுட்டேன்.

இந்தப் பக்கம் பொய் தன் வேலையைச் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஆயுத பூசை அன்னைக்குக் காலையில நான் ஒண்ணும் செய்யாம வாசல் இஸ்தோப்புத் திண்ணையில உக்காந்திருக்கேன். ஒங்கப்பா இருந்தா அன்னைக்கு எல்லா மிசினுக்கும் சந்தனம் பூசி, ஓடுறதுல ஒண்ணை ஸ்டார்ட் பண்ணி, லயம் முழுக்க பொகையடிச்சு, எல்லாரும் ஏசுவாங்களே. அந்த நெனைப்புல இருக்கேன், இரத்தினம்மா தண்ணிக் கொடத்தோட வந்து நின்னா. ஏன்டி பாலம்மா, ஒம் புருசன் அடுத்தவன் மிசினை வித்து முழுங்கிட்டுத்தான் செத்தாராமே, கட்டுகஸ்தோட்டையில பேசிச் சிரிக்கிறாங்களாம், மில்லுல இந்த வருசம் அவரு படத்தை வச்சுப் பூசை போடுறதா இருந்ததையும் நிப்பாட்டிட்டாங்களாம், நீ போகலையா, போனா மானம் போயிரும் பாத்துக்கன்னு சொன்னா. இல்லடி அப்படி இல்லன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் இருந்துச்சா. நான் பேசாம இருந்ததை அவ பதிலா எடுத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டா. ஒங்கப்பா குடிச்சிருக்காரு, எங்கூட சண்டை போட்டிருக்காரு, சம்பளத்தைக் கொண்டுபோய் இரும்புக்குக் குடுத்திருக்காரு, எல்லாம் உண்மை. அடுத்தவன் சாமானை எடுத்த மனுசன் இல்ல. அந்த ஒண்ணு தான் அவரு சேத்து வச்சது, அதை நான் கரைச்சுட்டேன்.

மறுநாள் வெள்ளைச் சீலையைக் கட்டிக்கிட்டு அலவத்துகொடைக்கு பஸ் ஏறினேன். தாலி அறுத்தவ இம்புட்டுச் சீக்கிரம் வெளிய எறங்குறாளேன்னு கங்காணி வீட்டம்மா பாத்தாங்க, பாக்கட்டும்னு போனேன். நானாவோட மரக்காலை ரோட்டோரத்துலயே இருக்கு. அவரு சம்சாரம் நல்லவங்க, கதிரையை இழுத்துப் போட்டு உக்காருங்கன்னாங்க, நான் உக்காரல. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன், டின்னைக் கவுத்தது, சவுக்காரம், உரப்பை, வெறகு, பொய். அவரு மரத்தூளைத் தட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. முடிஞ்சதும் ஏசுவாருன்னு பாத்தேன். அவரு சொன்னது இதுதான் மகளே, அப்படியே எழுதுறேன். அக்கா, இதை வேற ஒத்தன் வந்து சொல்லியிருந்தா நான் அவண்ட கன்னத்துல ஒண்ணு குடுத்திருப்பேன், பாஸ்ட பொஞ்சாதி நீங்க சொன்னதால தான் நம்பினேன். இதைச் சொல்லிட்டு அவரு தலையில கையை வச்சுக்கிட்டு மரத்து மேல உக்காந்துட்டாரு. மிசின் போனா போகட்டும், அது இரும்பு, மௌத்தான மனுசனைப் பத்தி நான் நாலு பேருகிட்ட இல்லாததைப் பேசிட்டேனே, நோன்பு வருது, இதை எங்க கொண்டுபோய் நான் கழுவுறதுன்னு கேட்டாரு. என் பொய் அந்த மனுசனையும் பாவத்துல தள்ளியிருக்குன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. மில்லுல பேசினதை மில்லுலயே நான் சொல்லித் திருத்துறேன், நீங்க பொம்பளை, வர வேணாம்னாரு. இல்ல நானா, பேசினது நீங்க, சொன்னது நான், நானும் வாறேன்னு சொன்னேன். வேனை எடுத்துக்கிட்டு நேரா நம்ம லயத்துக்கு வந்து, கூட்டை எல்லாம் ஏத்தி, ரெண்டு உரப்பையையும் அவரே தோள்ல தூக்கினாரு. இரத்தினம்மா கதவோரத்துல நின்னு வாயைப் பொளந்துக்கிட்டு பாத்தா.

மில்லு வாசல்ல வேன் நின்னதும் எறங்கினேன். ஒங்கப்பா அத்தனை வருசம் வேலை செஞ்ச எடம், நான் ஒரு தரம் கூட உள்ள போனதில்ல. தேத்தண்ணி நேரம், ஆம்பளைகள் எல்லாம் மரக்கட்டை மேல உக்காந்திருந்தாங்க. நான் முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு நடுவுல நின்னு, எங்க வீட்டுக்காரரு மிசினை வித்தாருன்னு நீங்க கேள்விப்பட்டது பொய், அதைச் சொன்னது நான் தான், சாமானை எல்லாம் கெடுத்துட்டு வெக்கத்துல அவரு மேல போட்டுட்டேன், அவரு ஒண்ணும் விக்கலன்னு சொன்னேன். சத்தம் வந்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியல. பொறகு மேற்பார்வை பாக்கிற லெட்சுமணன் தான் எந்திரிச்சு வந்தாரு. மதினி, இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க, இங்க அதை யாரு நம்பினா, அண்ணன் எங்ககிட்ட ஒரு போல்ட் கடனாக் குடுத்தா அடுத்த நாள் காலையில வாசல்லயே நின்னு கேக்கிற ஆளு, அவரு ஊரான் மிசினை விப்பாரான்னு சிரிச்சாரு. பண்டான்னு ஒரு வயசான சிங்கள ஆளு, அவரு தமிழ்ல தட்டுத் தடுமாறி, வீரையா பாஸ் விக்கிறது சரிவராது, வீட்டு நோனா துக்கத்துல பேசினதுன்னு நாங்க அன்னைக்கே மஹ்ரூப் மாத்தயாவுக்குச் சொன்னதுன்னாரு. நானா தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆமான்னாரு. லெட்சுமணன் என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினாரு, மிசின் மாட்டுற சுவருல நடுவுல ஒங்கப்பா படம், பொட்டு வச்சு மாலை போட்டு, பூசைக்கு ஒடைச்ச பூசணிக்காய் குங்குமம் இன்னும் கீழ சிமிந்தியில காயாமக் கெடக்கு. படத்தை நிப்பாட்டினதா இரத்தினம்மா சொன்னது அவ வாயில வந்த கதை.

எல்லாரும் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாங்க. எனக்கு அது செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு குமாரி. கூட மரம் தூக்கினவன் நம்பல, மொழி சரியாத் தெரியாத பண்டா நம்பல. கூட ஒரே பாயில படுத்து எந்திரிச்ச நான் தான் அவரைக் களவெடுத்தவரா ஆக்கினேன். அவங்க ஏசியிருந்தா தேவலைன்னு அந்த எடத்துல நெனைச்சேன்.

பொறகு உரப்பையைக் கொட்டி, படங்கு விரிச்சு எல்லாருமா உக்காந்து பொறுக்கினாங்க. எனக்குப் பாக்கவும் முடியல, போகவும் மனசில்ல. இது ஒன் மிசின் ஈரல்டா, அது என் மிசின் கொடலுன்னு அவங்களுக்குள்ள கேலி வேற, பண்டா ஒரு பிஸ்டனைக் காதுல வச்சு, பாஸ் பேசுறாரு, வேலையைப் பாருங்கடா சொல்றாருன்னு சொல்ல, எனக்கும் அழுகைக்கு நடுவுல சிரிப்பு வந்துருச்சு. ஒனக்கு மறைக்கிறதுக்கு இனி ஒண்ணும் இல்ல, அதனால உள்ளதைச் சொல்றேன். பெரிய சாமானா இருக்கிற ரெண்டு மூணு மிசினைத் திரும்பக் கூட்டிடலாமாம். மத்தது முடியாது. மஹ்ரூப் நானாவோட வாப்பா மிசினுக்குக் கூடும், செயின் ஓடுற பாரும், கைப்புடியும் தான் உறுதியாத் தெரிஞ்சுச்சு, உள்ளுக்குள்ள போறது எதுன்னு யாராலயும் சொல்ல முடியல. வேற மிசின் பிஸ்டன் ஒண்ணு அளவு சரியா இருக்கு, போட்டுட்டா சத்தமாவது கேக்கலாம்னு லெட்சுமணன் சொன்னாரு. நானா கொஞ்சம் யோசிச்சுட்டு, பாஸ் செய்யாத வேலையை நாம செய்யிறதில்லன்னு சொல்லி வெறும் கூட்டைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அவருக்கு அந்தச் சத்தம் இனிக் கேக்காது. அதுக்கு நான் தான் காரணம், அதை யாராலயும் திருத்த முடியாது, நான் அதோட தான் இருக்கணும். ஒன் செவப்பு மிசினும் அப்படித்தான் மகளே. கூடு இருக்கு, நீ வந்து இழுக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. நீ அனுப்பின பிளக்கை ஏன் போடலைன்னு நான் அப்பவே கேட்டேன், மகள் அனுப்பினது, மிசின் முழுசாக் கூடின பொறகு கடைசியாத்தான் போடுவேன், அதுவரைக்கும் தொடக் கூடாதுன்னு சொன்னாரு. அதனால தான் அது தப்பிச்சுச்சு.

வீட்டு விசயம் எழுத மறந்துட்டேன் பாரு. மழை விடாம அடிக்குது, பின்பக்க மண்ணு கொஞ்சம் சரிஞ்சிருக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல, தோட்டத்துத் தொரை ஆளுகளை அனுப்பிக் கல்லு அடுக்கித் தாறேன்னு சொல்லியிருக்காரு. மேட்டு லயத்துப் பாப்பம்மா மகளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு, கறுப்பா அழகா இருக்கு. நம்ம ஆடு குட்டி போட்டிருக்கு. சுப்பம்மா அத்தைக்கு இந்தக் கதை எல்லாம் தெரிஞ்சு வந்து அழுதாங்க, நான் தான் கொட்டச் சொன்னேன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க. மொதல் டின்னைக் கொட்டினது நான், நீங்க அழாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன். அவங்க மேல நீ கோவப்படாதே. அங்க இனிக் குளிரு காலம், காலுக்கு மேசு போடாமத் திரியாதே, தைக்கிற மிசினுக்கு முன்னால குனிஞ்சே இருந்தா இடுப்பு போயிரும், நடுநடுவுல எந்திரிச்சு நட. ஓவர் டைமுன்னு சொல்லி ராத்திரிச் சாப்பாட்டை விட்டுறாதே. பாஸ்போட்டை யாரு கேட்டாலும் கையில குடுத்துட்டு வந்துறாதே. நெத்தியில பொட்டு இல்லாம இருக்காதே, அப்பா போனதுக்கு நான் தான் பொட்டை எடுக்கணும், நீ இல்ல.

ஒரே ஒரு காரியம் மட்டும் கேக்கிறேன் குமாரி. என்னை மன்னிச்சிருன்னு கேக்கல, அது ஒன் இஷ்டம், எப்ப மனசு வருதோ அப்பப் பாத்துக்கலாம். ஆனா ஒங்கப்பா கதையை எடுக்காதேன்னு சொன்னியே, அதை மாத்திக்க. நான் எழுதினதை வச்சு மாத்திக்கச் சொல்லல. என் வார்த்தையை நம்பி மஹ்ரூப் நானா பட்ட பாடு போதும், நீயும் இந்தக் கடுதாசியை மட்டும் நம்பாதே. ஞாயித்துக்கெழமை பகல்ல மில்லு நம்பருக்கு எடு, நான் எழுதினா பெசகிடும்னு சந்திரிகாவோட அண்ணங்கிட்ட அந்த நம்பரைக் குடுத்திருக்கேன், அவரு சந்திரிகா மூலமா ஒனக்குச் சொல்லுவாரு. லெட்சுமணன் இருப்பாரு, பண்டா இருப்பாரு. வீரையா மகள் பேசுறேன்னு சொல்லு, எங்கப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு கேளு. அவங்க சொல்றதைக் கேட்டுக்க, அதுதான் ஒங்கப்பா. அதுக்குப் பொறகு காசு மிச்சம் இருந்தா, மனசும் இருந்தா, எனக்கு எடு. அடுத்த ஞாயித்துக்கெழமையில இருந்து நான் டவுனுக்கு எறங்கி வந்து கொமினிகேசன் வாசல்ல இருப்பேன். நீ எடுக்காட்டியும் பரவாயில்ல, மில்லுக்கு எடுத்தியான்னு லெட்சுமணன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன். எனக்கு அது போதும்.

கதிர்காமத்தானும் நம்ம தோட்டத்து மாரியம்மாவும் ஒன் கூடவே இருந்து, நீ நூறு வருசம் மஞ்சள் குங்குமத்தோட, வாய் நெறையச் சிரிப்போட வாழணும். ஒங்கப்பா மேல இருந்து ஒன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு, அவருக்குக் கோவம் இருந்தாலும் என்மேல தான் இருக்கும், ஒன்மேல இருக்காது. மறந்துறாதே, மொதல்ல மில்லுக்கு, பொறகு தான் எனக்கு.

இப்படிக்கு,
ஒங்கப்பா பேரைச் சொல்லக் கூசிக்கிட்டு இருந்து இப்பச் சொல்ற ஒன் அம்மா,
வீரையா பாலம்மா